தேர்தல் நேரத்தில் தொண்டு நிறுவனம் வாய் திறக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் அறக்கட்டளை ஒரே வட்டாரத்தில் பல ஆண்டுகளாக மகளிர் குழுக்களோடும் மாலைநேரப் பள்ளிகளோடும் வேலை செய்கிறது. வருமான வரி விலக்கு உண்டு. வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவும் உண்டு. தேர்தல் வரும்போது குடிநீர், பள்ளிக் கட்டடம், நூறு நாள் வேலைக் கூலி பற்றி வேட்பாளர்களை நிறுத்திக் கேட்கலாமா? துண்டறிக்கை அச்சிடலாமா? நல்லவர் ஒருவர் நிற்கிறார், அவருக்கு ஆதரவு தெரிவிக்கலாமா? அறங்காவலர்களில் ஒருவருக்கே நிற்கும் ஆசை வந்திருக்கிறது, அவரை என்ன செய்வது?

முதல் இரண்டுக்கும் ஆம். மூன்றாவதற்கு, அறக்கட்டளையாகக் கூடாது, தனிமனிதராக உங்கள் விருப்பம். நான்காவதற்கு, முதலில் அவர் பதவி விலகட்டும். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு எழுந்துவிடலாம். ஆனால் சில அறக்கட்டளைகளின் கணக்கையும் தீர்மானப் புத்தகத்தையும் நெடுங்காலம் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பெரிய கேள்விகளில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. அச்சகத்தின் பெயர் விட்டுப்போன துண்டறிக்கையிலும், ரசீது இல்லாமல் கொண்டுபோன ரொக்கத்திலும், அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட ஒரு சின்னத்திலும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

இணையத்தில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்காவின் கதை. அங்கே 501(சி)(3) என்ற பிரிவில் வரிவிலக்கு பெற்ற அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்று 1954இல் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம் சொல்கிறது. அதற்கு மேல் அரசியல் பேச நினைப்பவர்கள் 501(சி)(4) என்று இன்னோர் அமைப்பைப் பக்கத்தில் தொடங்கிக்கொள்கிறார்கள். அந்த அட்டவணையை அப்படியே எடுத்துவந்து நம் ஊர் ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நமக்கு அப்படி ஒரே இடத்தில் கோடு போட்டு வைத்த விதி கிடையாது. வருமான வரிச் சட்டத்தில் கொஞ்சம், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் கொஞ்சம், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் கொஞ்சம், குற்றவியல் சட்டத்தில் கொஞ்சம், மீதி தேர்தல் ஆணையத்தின் உத்தரவுகளில் என்று சிதறிக் கிடக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று தெரியாததால்தான் பயம். தேர்தல் நடத்தை விதிமுறை அமலுக்கு வந்த நாளில் பெயர்ப்பலகையைக்கூடத் துணி போட்டு மூடிவிட்டு, முடிவு வந்த மறுநாள் திறக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த அளவுக்கு ஒடுங்கிப்போக எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இந்த நாட்டுத் தேர்தல்களை மாற்றியவற்றில் சில பெரிய மாற்றங்கள் கட்சி சாராத அமைப்புகளிடமிருந்து வந்தவை. 1999இல் அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். ஏ.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். வேட்பாளரின் குற்றவழக்கு, சொத்து, படிப்பு ஆகியவற்றை வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றது, மத்திய அரசு மேல்முறையீடு செய்தது, 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும் ஏற்றது. வேறெதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் இதில் ஒத்துப்போய், சட்டத்தைத் திருத்தித் தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்யப் பார்த்தன. 2003 மார்ச் 13 அன்று அந்தத் திருத்தமும் ரத்தானது. அந்த வழக்கில் முன்னின்றது பி.யு.சி.எல். என்ற மக்கள் சிவில் உரிமைக் கழகம். இன்று ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26இல் பிரமாணப் பத்திரம் தருவது அதனால்தான். 2013 செப்டம்பர் 27 அன்று வாக்குப்பதிவு இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வர வழி செய்ததும் பி.யு.சி.எல். வழக்கே. 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று தீர்ப்பான வழக்கில் ஏ.டி.ஆர். மனுதாரர். இத்தனைக்கும் நடுவில் “இவருக்கு ஓட்டுப் போடுங்கள்” என்று அவர்கள் சொல்லவில்லை.

நீதிமன்றம் ஏறும் வசதி உங்களுக்கு இல்லை என்பீர்கள். சரி, தெருவில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், பஞ்சாயத்து வேலைகளின் வருகைப் பதிவேட்டையும் பில்லையும் மக்கள் முன் வாசித்துக் காட்டும் மக்கள் விசாரணைகளை 1994 இறுதியில் ஆரம்பித்தது. செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு, எல்லாம் வெளியே வந்தன. பதிவேட்டு நகலைப் பணம் கட்டிப் பெறலாம் என்று அப்போதைய முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் 1995இல் சட்டமன்றத்திலேயே சொன்னார். ஓராண்டு போயிற்று, உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் என்ற ஊரில் தர்ணா தொடங்கியது. நாற்பது நாள் நீடித்தது. அந்த நாற்பது நாளுக்குள்தான் மக்களவைத் தேர்தல். நாள் பார்த்து உட்கார்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் அந்தப் பந்தலைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்தக் கட்சிக்கும் எதிராகப் பேசத் தேவையில்லாமல் எல்லாக் கட்சிகளையும் பதில் சொல்ல வைத்த இடம் அது. 2000இல் ராஜஸ்தானுக்கும் 2005இல் நாட்டுக்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்த பாதையில் பியாவர் ஒரு முக்கியமான நிறுத்தம்.

இலங்கையிலும் ஒன்று சொல்லலாம். தேர்தல் கண்காணிப்பில் பழம் அனுபவம் உள்ள பஃப்ரல் அமைப்பு மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2015இல் தொடங்கிய மார்ச் 12 இயக்கம், யாரை வேட்பாளராக நிறுத்தலாம் என்பதற்கு எட்டு அளவுகோல்களை வகுத்துக் கட்சிகளை ஒப்புக்கொள்ளச் செய்தது. வாக்காளரிடம் போவதற்கு முன்பே, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சியிடம் போனார்கள். ஒப்புக்கொண்டதைக் கட்சிகள் எந்த அளவுக்குக் காப்பாற்றின என்பது வேறு பேச்சு. ஆனால் மீறும்போது சுட்டிக்காட்ட ஒரு தாள் கையில் இருந்தது.

இனி உங்கள் வட்டாரத்துக்கு வருவோம்.

தேர்தலுக்குப் பல மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை வாக்காளர் பட்டியல். பிரச்சாரம்போல் பளபளப்பில்லாத வேலை, ஆனால் என் கணக்கில் தொண்டு நிறுவனம் செய்யக்கூடியவற்றில் இதுவே பயன் மிகுந்தது. 2025 இறுதியில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போயின. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் உண்டு. வீடு மாறியவர், செங்கல் சூளைக்குப் போனவர், கல்யாணமாகி வந்த பெண் என்று விட்டுப்போனவர்களைத் தெரு வாரியாகச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் மகளிர் குழுத் தலைவிகள்தான். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. பதினெட்டு வயது நிறைவுக்கு இப்போது ஜனவரி 1 மட்டுமல்ல, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் தகுதி நாள்கள். ஒன்று மட்டும் கவனம்: நூறு படிவங்களைக் கட்டாகக் கட்டி நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். மொத்தமாகத் தருவதற்குக் கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களுக்கு மட்டுமே, அதுவும் எண்ணிக்கை வரம்போடு, இடம் உண்டு. ஆளைச் சிறப்பு முகாமுக்கு அழைத்துப் போங்கள், அல்லது அவரவர் கைபேசியிலேயே விண்ணப்பிக்க உதவுங்கள். பெயர் நீக்கக் கோரும் படிவம் 7 பக்கம் போகவே வேண்டாம். பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை. ஊர்ப்பகையைத் தீர்த்துக்கொள்ள உங்கள் ஊழியரை ஒருவர் பயன்படுத்திவிட்டுப் போய்விடுவார். எண்பத்தைந்து வயதைக் கடந்தவர்களும் நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கப் படிவம் 12டி இருக்கிறது. அதற்கான கெடு, தேர்தல் அறிவிக்கை வந்த சில நாள்களிலேயே முடிந்துவிடும். ஆகவே யார் யாருக்குத் தேவை என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கோரிக்கைப் பட்டியல். இதைத் தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு எழுதத் தொடங்குகிறவர்களே அதிகம். கட்சிகள் தேர்தல் அறிக்கைக் குழு போட்டு மாவட்டந்தோறும் மனு வாங்கும்போதே உங்கள் தாள் அங்கே போய்ச் சேர வேண்டும். எல்லாக் கட்சிக்கும் ஒரே தாள், ஒரே வாரத்தில், கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்கி. தாளில் முப்பது கோரிக்கை இருந்தால் யாரும் படிக்கமாட்டார்கள். மூன்று போதும். “கல்வித் தரத்தை உயர்த்துக” என்று எழுதாதீர்கள், அதை மறுக்கிற வேட்பாளர் பிறக்கவில்லை. இந்த ஊராட்சியின் இந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கப் பெண் பிள்ளைகள் எத்தனை கிலோமீட்டர் நடக்கிறார்கள், எந்த நேரத்துக்குப் பஸ் வேண்டும் என்று எழுதுங்கள். அதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒருவர் சொல்லியே ஆக வேண்டும். ஐந்தாண்டுக்குப் பின் அது நடந்ததா என்று எந்தப் பாட்டியாலும் சொல்லிவிட முடியும்.

வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்கார வைக்கும் கூட்டம் நடத்த விரும்பினால் நடத்துங்கள். சில விஷயங்களில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். களத்தில் இருக்கும் எல்லோருக்கும், சுயேச்சைகளுக்கும் சேர்த்து, எழுத்தில் அழைப்பு. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம். கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ள ஊரில் யாரும் எதிர்த்துப் பேசாத ஓர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். காவல் நிலையத்திலும் தேர்தல் நடத்தும் அலுவலரிடமும் முன் அனுமதி. பெரிய கட்சிக்காரர் வராமல் போவது சகஜம். வராதவர் பெயரை ஒட்டிக் காலி நாற்காலி போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பார்க்கிறவர்களுக்குக் கேலியாகப்படும், மறுநாள் நீங்கள் எதிர்க்கட்சியின் ஆள் ஆகிவிடுவீர்கள். அழைத்தோம், வரவில்லை என்று ஒரு வரி வாசித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

எல்லோரையும் அழைத்து ஒருவர் மட்டும் வந்துவிட்டால்? அப்போது கூட்டத்தைத் தள்ளி வையுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே வேட்பாளர் ஏறிய மேடையின் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் அவருடைய தேர்தல் செலவு என்று பார்க்கப்படும். வீடியோ கண்காணிப்புக் குழு படம் எடுத்துக்கொண்டிருக்கும். கணக்குக் குழு, வேட்பாளர் காட்டும் செலவோடு ஒத்துப்பார்க்கத் தனியே ஒரு நிழல் பதிவேடு வைத்திருக்கும். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு 2022இல் நிர்ணயித்த உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய், மக்களவைக்கு 95 லட்சம். இதில் உங்கள் பந்தல் செலவும் ஏறினால் அவருக்கும் கோபம், உங்களுக்கும் நோட்டீஸ்.

இந்த இடத்தில் ஒரு பழைய விநோதத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவரது வெற்றிக்காக மூன்றாம் ஆள் கூட்டம், விளம்பரம், துண்டறிக்கை என்று செலவு செய்வது குற்றம். 1920இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த அத்தியாயம் இது. இப்போது அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவாக இருக்கிறது. அபராதத்தை 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை உயர்த்திவிட்டார்கள். ஆனால் பத்து ரூபாய்க்கு மிகாமல் செலவு செய்துவிட்டுப் பத்து நாளுக்குள் வேட்பாளரின் ஒப்புதலைப் பெற்றால் குற்றமில்லை என்ற சலுகையை மட்டும் நூறாண்டுக்குப் பிறகும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பத்து ரூபாய்க்கு இன்று பல கடைகளில் டீயே கிடைப்பதில்லை.

துண்டறிக்கை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவை அலுவலகச் சுவரில் ஒட்டிவையுங்கள். தேர்தல் தொடர்பான துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுகிறவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்று சொல்லி, இரண்டு படிகளில் உறுதிமொழியை அச்சகத்தாரிடம் தர வேண்டும். அச்சகம் அதில் ஒன்றைத் துண்டறிக்கையின் பிரதியோடு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு வேட்பாளருக்கு அனுகூலமாகவோ பாதகமாகவோ இருக்கும் தாளுக்குத்தான் இந்த விதி, வெறும் கோரிக்கைத் தாளுக்கு இல்லை என்று வாதிடலாம். நாங்களும் ஒருமுறை அப்படித்தான் வாதிட்டோம். குடிநீர்த் தொட்டி பற்றி இரண்டாயிரம் தாள் அடித்தோம், அடியில் அச்சகத்தின் பெயர் இல்லை. சோதனையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாதத்தில் ஜெயித்துத் தாள்கள் திரும்பி வந்தபோது வாக்குப்பதிவு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பின்புறத்தில் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வரி அச்சிடக் கூடுதல் மை எவ்வளவு செலவாகிவிடும்?

கேபிள் டிவி, வானொலி, மொத்தமாக அனுப்பும் குரல் செய்தி, காசு கட்டிப் போடும் சமூக ஊடக விளம்பரம் ஆகியவற்றில் அரசியல் விளம்பரம் செய்வதற்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்சான்று தேவை. கட்சியும் வேட்பாளரும் மூன்று நாள் முன்பு விண்ணப்பித்தால் போதும். மற்றவர்களுக்கு ஏழு நாள். உங்களுக்கு ஏழு. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் தொடர்பான பொதுக்கூட்டம், ஊர்வலம், கூட்டம் சேர்க்கும் இசை நிகழ்ச்சி எதுவும் கூடாது. தெருக்கூத்துக் குழு வைத்து “ஓட்டுக்குக் காசு வாங்காதே” நாடகம் போடுகிறவர்கள் இந்த 48 மணி நேரத்தை மறந்துவிடுகிறார்கள்.

அந்த நாடகம் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே அதற்குத் தேவை இருக்கிறது என்பதை மறுப்பவர் இல்லை. பணப் பட்டுவாடாவால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலே நின்றது. ஆனால் வாங்குகிற ஏழையை மேடையில் திட்டி ஒரு நாடகம், கொடுக்கிறவரின் பெயரைச் சொல்ல மட்டும் தயக்கம் என்றால் கைத்தட்டல்கூட வராது. கொடுக்கிறவரைப் பற்றித் தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் செயலியில் எப்படிப் புகார் செய்வது என்று காட்டிக்கொடுத்தால் ஏதேனும் பயன் இருக்கும். அதிலும் உங்கள் ஊழியரைப் புகார்தாரராக முன்னே தள்ளாதீர்கள். அவர் நாளையும் அதே தெருவில் சைக்கிளில் போக வேண்டியவர்.

மகளிர் குழுக்கள் உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கடம் ரொக்கம். நடத்தை விதிமுறை அமலில் இருக்கும்போது ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துவைக்கும். குழுவின் தவணைப் பணத்தை முந்தானையில் முடிந்து வங்கிக்கு எடுத்துப்போகும் பெண்ணுக்கு இது தெரியாது. வசூல் பதிவேட்டின் நகல், குழுத் தீர்மானம், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் உடன் கொடுத்து அனுப்புங்கள். பிடித்துவிட்டால் மாவட்டக் குறைதீர்க் குழுவில் காட்டி மீட்கலாம். இலவசப் புத்தகப்பை, தையல் இயந்திரம் வழங்கும் விழாக்களை அறிவிப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள் அல்லது முடிவுக்குப் பின் வையுங்கள். யார் மனதிலும் கபடம் இல்லாவிட்டாலும், வேனில் அடுக்கிய நூறு பை பார்ப்பதற்கு வேறு மாதிரி இருக்கும்.

வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தொகுத்து ஒரே அட்டவணையாக ஊரில் ஒட்டலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஒட்டலாம். எல்லா வேட்பாளரும் இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே தலைப்புகள் இருக்க வேண்டும், “பிரமாணப் பத்திரத்தில் கூறியுள்ளபடி” என்ற சொற்கள் இருக்க வேண்டும். வழக்கு நிலுவையில் இருப்பவரைக் குற்றவாளி என்று எழுதிவிடாதீர்கள். வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை குறித்துப் பொய் என்று தெரிந்தே ஒன்றை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 175ஆம் பிரிவில் குற்றம், அவதூறு வழக்கு அது தவிர. மதிப்பெண் போடுவது, நட்சத்திரம் ஒட்டுவது எல்லாம் வேண்டாம். அட்டவணையைப் பார்த்து மதிப்பெண் போடத் தெரியாதவர்களா நம் வாக்காளர்கள்?

பெரிய பயம் வெளிநாட்டு நிதி. நியாயமான பயம்தான். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு வேட்பாளர், கட்சி, சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர், அரசியல் தன்மை கொண்டதாக அறிவிக்கப்பட்ட அமைப்பு ஆகியோர் வெளிநாட்டுப் பணம் வாங்கத் தடை விதிக்கிறது. அரசியல் தன்மை என்றால் என்ன என்பதற்கு 2011 விதிகள் ஒரு பட்டியல் தந்தன. அதில் பந்த், சாலை மறியல், ரயில் மறியல், சிறை நிரப்பும் போராட்டம் ஆகியவற்றை வாடிக்கையாக நடத்தும் அமைப்பும் வந்தது. அப்படிப் பார்த்தால் காலிக் குடத்தோடு சாலையில் உட்காரும் எந்த ஊர்ச் சங்கமும் அரசியல் அமைப்புத்தான். இன்சாஃப் என்ற கூட்டமைப்பு இதை எதிர்த்தது. நடுவில் 2013இல் அதன் பதிவையே நிறுத்திவைத்தார்கள். 2020 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் சுருக்கிப் பொருள் கொண்டது: தீவிர அரசியலிலோ கட்சி அரசியலிலோ தொடர்புள்ள அமைப்புக்கே அது பொருந்தும், பொதுக் காரியத்துக்காக நியாயமான வழியில் எதிர்ப்புத் தெரிவித்ததால் மட்டும் வெளிநாட்டு நிதி பெறும் உரிமை போகாது. இந்தத் தீர்ப்பின் நகலை எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும்.

வைத்துக்கொண்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தீர்ப்பு உங்கள் பக்கம் இருந்தாலும், பதிவை நிறுத்திவைத்துவிட்டு ஆறு மாதம் விசாரித்தால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? பதிவுக்கான நிபந்தனைகளிலேயே தேர்தலின் சுதந்திரத்துக்கும் நேர்மைக்கும் ஊறு கூடாது என்று ஒரு வாசகம் இருக்கிறது. அதை யார் எப்படிப் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே என் வழக்கம் இது: தேர்தல் என்ற சொல் வரும் எந்தச் செலவுக்கும், வாக்காளர் விழிப்புணர்வுக்குக்கூட, வெளிநாட்டுக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதில்லை. அந்த நிதியில் சம்பளம் வாங்கும் ஊழியரை அந்த வேலைக்கு அனுப்புவதும் இல்லை. உள்ளூர் நன்கொடை, தனி ரசீதுப் புத்தகம், தனிப் பேரேடு. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் இதில் கலக்க வேண்டாம். அந்த விதிகளும் கட்சிக்கு நேராகவோ மறைமுகமாகவோ போகும் பணத்தை விலக்கித்தான் வைத்திருக்கின்றன.

இப்போது உங்கள் நல்ல வேட்பாளர். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அறக்கட்டளையின் பெயரில் ஆதரவு அறிக்கை விட்டால் வரிவிலக்கின் அடிப்படையே ஆடும், ஏனென்றால் அந்த விலக்கு அறப்பணிக்காகத் தரப்பட்டது, ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பத் தரப்படவில்லை. சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், அவர் தோற்றால் ஜெயித்தவரிடம் ஐந்தாண்டு நீங்கள் போய் நிற்க வேண்டும். அவர் ஜெயித்தால் இன்னும் கஷ்டம், அவரிடமே போய்ச் சண்டை போட வேண்டும். நீங்களும் ஊழியர்களும் குடிமக்களாக அவருக்காக வேலை செய்யுங்கள், யாரும் தடுக்க முடியாது. விடுப்பு எடுத்துக்கொண்டு, சொந்த வண்டியில், சொந்தக் கைபேசியில். அலுவலக வாட்ஸ்அப் குழுவைத் தேர்தல் முடியும்வரை நிர்வாகி மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். உதவிபெறும் பள்ளி ஆசிரியரோ அரசு ஊழியரோ உங்கள் தொண்டர்களில் இருந்தால் அவர்களுக்கு வேறு விதிகள் உண்டு, அவர்களை இழுக்காதீர்கள்.

அமைப்பாகவே அரசியலில் இறங்க வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் வழி உண்டு. தொழிற்சங்கங்கள் தனி அரசியல் நிதி திரட்டச் சட்டம் அனுமதிக்கிறது. விரும்பாத உறுப்பினரைச் சந்தா கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். ராஜஸ்தான் சங்கடன்காரர்கள் வெளிநாட்டு நிதியைத் தொடாதவர்கள். தங்கள் ஆள்களைப் பஞ்சாயத்துத் தேர்தலில் நிறுத்தியும் இருக்கிறார்கள். நீங்களும் வரிவிலக்கு, வெளிநாட்டு நிதி எதுவும் இல்லாத மக்கள் மன்றம் ஒன்றைத் தனியே அமைக்கலாம். ஆனால் அதே அலுவலகம், அதே கணினி, அதே செயலாளர், பலகை மட்டும் வேறு என்றால் அது யாரையும் ஏமாற்றாது.

கடைசியாக, நிற்க ஆசைப்படும் அறங்காவலர். எந்தத் தேர்தல் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் உண்டு. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்பதால் உங்கள் குழுப் பெண்களும் நிற்பார்கள், நிற்க வேண்டும். வேட்புமனு எப்படி நிரப்புவது, செலவுக் கணக்கு எப்படி எழுதுவது என்று நிற்க விரும்பும் எல்லாப் பெண்களுக்கும் பொதுவாகப் பயிற்சி தாருங்கள். ஒரே வார்டில் உங்கள் குழுப் பெண்கள் இருவர் எதிரெதிரே நின்றால் இருவருக்கும் தாருங்கள். அறங்காவலர் விஷயம் வேறு. ஊராட்சியோ சட்டமன்றமோ, மனுத் தாக்கலுக்கு முன் அவர் விலகல் கடிதம் தர வேண்டும், கூட்டம் அதை ஏற்றுத் தீர்மானம் எழுத வேண்டும், வங்கியில் கையொப்பம் மாற வேண்டும், வெளிநாட்டுப் பதிவு இருப்பதால் முக்கியப் பொறுப்பாளர் மாற்றத்தை உள்துறை அமைச்சகத்துக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். கடைசி இரண்டும் வாரக்கணக்கில் இழுக்கும்.

ஆகவே அறங்காவலர் கூட்டத்தை இந்த மாதமே கூட்டிவிடுங்கள். பொருள் நிரலில் அவர் விலகல், உள்ளூர் நிதிக்குத் தனிப் பேரேடு, ஊழியர்களுக்கான ஒரு பக்க நடத்தைக் குறிப்பு, வேட்பாளர் கூட்டத்துக்கு மண்டபம் என்று நான்கு போதும். மண்டபத்துக்கு முன்பணத்தை இப்போதே கட்டிவிடுங்கள். தேதி அறிவித்துவிட்டால் நல்ல மண்டபங்களைக் கட்சிக்காரர்கள் பிடித்துவிடுவார்கள், மீதியைக் கல்யாணக்காரர்கள்.